நடுமாதத்தில் ஒரு துளி இரத்தம்

மாதவிடாய் முடிந்து ஏழெட்டு நாள் ஆகியிருக்கும். அடுத்த மாதவிடாய்க்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. அந்தச் சமயத்தில் உள்ளாடையில் சிறியதொரு கறை தெரிகிறது. வெளிர் சிவப்பாகவோ பழுப்பாகவோ ஒரு புள்ளி, அவ்வளவுதான். மறுநாள் அதுவும் இல்லை. இது என்ன? நோயா? யாரிடம் கேட்பது? கேட்டால் என்ன நினைப்பார்கள்?

கேட்கத் தயங்குவதால் இரண்டு விதமான தவறுகள் நேருகின்றன. ஒன்றுமில்லாத விஷயத்துக்கு வாரக்கணக்கில் பயந்து நடுங்குவது ஒன்று. கவனிக்க வேண்டிய விஷயத்தை “இதெல்லாம் பெண்களுக்குச் சகஜம்” என்று மூடி வைப்பது மற்றொன்று. முதலாவது தூக்கத்தைக் கெடுக்கும். இரண்டாவது சில வேளைகளில் உயிருக்கே உலை வைத்துவிடும். இந்த இரண்டுக்கும் இடையே உள்ள எல்லைக் கோடு எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். இது மாணவிகளுக்கு மட்டும் உரிய பாடம் அன்று. மாணவர்களும் கூச்சமின்றிப் படிக்கலாம். அக்காளோ தங்கையோ சோர்ந்து கிடக்கும்போது உதவ வேண்டியவர்கள் நீங்களும்தானே?

மாதந்தோறும் நடப்பது என்ன?

பெண்ணின் அடிவயிற்றில், கருப்பைக்கு இரு புறமும் பாதாம் கொட்டை வடிவில் இரண்டு சினைப்பைகள் இருக்கின்றன. பாடப் புத்தகத்தில் இவற்றை அண்டகங்கள் என்று படித்திருப்பீர்கள். இவற்றில் ஆயிரக்கணக்கான கருமுட்டைகள், நுண்ணிய பைகளுக்குள் உறங்கிக்கொண்டிருக்கின்றன. மூளையின் அடியில் பட்டாணி அளவில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி, ஹார்மோன்களை அனுப்பி இவற்றுள் சிலவற்றைத் தட்டி எழுப்புகிறது. வழக்கமாக அவற்றில் ஒன்றே முழு வளர்ச்சி அடைகிறது. முதிர்ந்த பை ஏறத்தாழ 2 செ.மீ. விட்டத்துக்குப் பருத்துவிடும். உள்ளே இருக்கும் முட்டையோ சுமார் 0.1 மி.மீ. அளவுதான்! 1672-ல் இந்தப் பைகளை விரிவாக விவரித்த டச்சு மருத்துவர் டி கிராஃப், பைகளையே முட்டைகள் என்று கருதினார். பாலூட்டிகளின் உண்மையான முட்டையை ஃபான் பேர் என்ற அறிஞர் கண்டறிந்தது 1827-ல்தான்.

வளரும் பை சும்மா இருப்பதில்லை. அது ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. இரத்தத்தின் வழியே கருப்பையை அடையும் ஈஸ்ட்ரோஜன், அதன் உட்சுவரை வளர்க்கிறது. மாதவிடாய் முடிந்த கையோடு சில மில்லிமீட்டரே இருந்த உட்சுவர், நாளுக்கு நாள் தடித்து ஏறத்தாழ 1 செ.மீ. வரை உயருகிறது. கருவுக்காக விரிக்கப்படும் மெத்தை அது.

ஈஸ்ட்ரோஜன் அளவு உச்சத்தை நெருங்கும்போது, பிட்யூட்டரி சுரப்பி லூட்டினைசிங் ஹார்மோன் என்ற மற்றொன்றை வெள்ளமாகத் திறந்துவிடுகிறது. இந்த வெள்ளம் தொடங்கிய ஏறத்தாழ ஒன்றரை நாளில் பை வெடித்து முட்டை வெளியே வருகிறது. இதுவே முட்டை விடுபடுதல். வெடித்த பையும் வீணாவதில்லை. அது மஞ்சள் நிறக் கட்டியாக மாறி, புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனைச் சுரந்து, தடித்த மெத்தை உதிராமல் காக்கிறது. கரு உண்டாகாவிட்டால் இந்தக் கட்டி இரண்டு வாரத்தில் சுருங்கிவிடும். ஹார்மோன்கள் குறையும். மெத்தை உதிர்ந்து இரத்தத்துடன் வெளியேறும். அதைத்தான் மாதவிடாய் என்கிறோம்.

கறை வந்த வழி

இப்போது நம் கேள்விக்கு வருவோம். முட்டை விடுபடும் வேளையில் சிலருக்கு ஏன் ஒரு துளி இரத்தம் தெரிகிறது?

பை வெடிக்கும்போது வரும் இரத்தம் அது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியன்று. பை வெடிக்கும் இடத்தில் கசியும் சிறிதளவு திரவமும் இரத்தமும் வயிற்றறைக்குள் விழுந்து, உடலாலேயே உறிஞ்சப்பட்டுவிடும்.

விடை கருப்பையின் உட்சுவரில் இருக்கிறது. ஆலையில் ஷிப்டு மாறும் நேரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பகல் ஷிப்டுக்காரர்கள் கிளம்பிவிட்டார்கள். இரவு ஷிப்டுக்காரர்கள் இன்னும் எந்திரத்தில் கை வைக்கவில்லை. அந்தச் சிறிது நேரத்தில் ஓரிரு நூல் அறுந்துபோகலாம் அல்லவா? அதுபோலவே, லூட்டினைசிங் ஹார்மோன் பெருகும் சமயத்தில் ஈஸ்ட்ரோஜன் அளவு சட்டென்று சரிகிறது. அதன் வேலையை ஏற்கவேண்டிய புரோஜெஸ்டிரோன் போதிய அளவுக்கு உயர இன்னும் சில நாள் ஆகும். இந்த இடைவெளியில், உட்சுவரின் மேற்பரப்பில் சிறு பகுதி பிடிப்புத் தளர்ந்து கசிகிறது. பிறகு ஹார்மோன்கள் உயர்ந்ததும் கசிவு தானாக நின்றுவிடுகிறது. இதை நாம் ‘நடுமாதக் கசிவு’ என்று அழைப்போம்.

நிறத்துக்கும் காரணம் உண்டு. இந்த நாட்களில் கருப்பையின் வாயிலிருந்து முட்டை வெண்கரு போன்ற தெளிவான, இழுத்தால் நீளும் திரவம் சுரக்கிறது. அதில் கலந்த இரத்தம் வெளிர் சிவப்பாகத் தெரியும். மெதுவாகக் கசிந்து, வெளியே வர நேரமான இரத்தம் பழுப்பாகிவிடும். காயத்தின் மேல் கட்டிய துணியில் சிவப்புக் கறை மறுநாள் பழுப்பாவதைப் பார்த்திருப்பீர்களே, அதே மாற்றம்தான்.

இது எல்லோருக்கும் வருவதன்று. 2005 முதல் 2007 வரை அமெரிக்காவில் ஒழுங்கான மாதவிடாய் உள்ள 201 பெண்களை ஆராய்ந்தபோது, அவர்களில் ஏறத்தாழ 5 சதவீதத்தினருக்கே நடுமாதத்தில் இரத்தம் தென்பட்டது. ஆகவே, வந்தாலும் அஞ்ச வேண்டாம். வராவிட்டாலும் கவலை வேண்டாம்.

சிலருக்கு இதே சமயத்தில் அடிவயிற்றின் ஒரு பக்கம் மட்டும் சுருக்கென்று வலிக்கும். சில நிமிடங்களோ, ஓரிரு நாட்களோ இருக்கும். ஜெர்மன் மொழியில் ‘நடு வலி’ என்று பொருள்படும் மிட்டல்ஷ்மெர்ட்ஸ் என்ற சொல்லையே உலகெங்கும் மருத்துவர்கள் இதற்கு வழங்குகிறார்கள்.

பின்னோக்கி எண்ணுங்கள்

ஒரு கறையைப் பார்த்ததும், இது நடுமாதக் கசிவுதானா என்று எப்படி அறிவது? இதற்கு நுண்பெருக்கி தேவையில்லை. ஒரு நாட்காட்டி போதும்.

1920-களில் ஜப்பானிய மருத்துவர் கியூசாகு ஓகினோவும், அவரை அறியாமல் தனியே ஆராய்ந்த ஆஸ்திரிய மருத்துவர் ஹெர்மன் க்னாவுஸும் ஓர் உண்மையைக் கண்டார்கள். முட்டை விடுபடும் நாளைக் கடந்த மாதவிடாயிலிருந்து முன்னோக்கி எண்ணிச் சரியாகச் சொல்ல முடியாது. அடுத்த மாதவிடாயிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். அடுத்த மாதவிடாய்க்கு 12 முதல் 16 நாள் முன்பாக முட்டை விடுபடுகிறது என்றார் ஓகினோ. காரணம் எளிது. முட்டை வளர்வதற்கு ஆகும் காலம் ஆளுக்கு ஆள் பெரிதும் மாறும்; மஞ்சள் கட்டியின் ஆயுள் அவ்வளவாக மாறாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மாணவிக்கு ஜூன் 3-ஆம் தேதி மாதவிடாய் தொடங்கியது. ஜூன் 17-ல் ஒரு கறை. அடுத்த மாதவிடாய் ஜூலை 1. ஜூலை 1-லிருந்து 14 நாள் பின்னே சென்றால் ஜூன் 17. கணக்கு பொருந்துகிறது.

இன்னொரு மாணவிக்கும் ஜூன் 3-ல்தான் தொடங்கியது. ஆனால் அடுத்த மாதவிடாய் ஜூலை 7. அவளுக்கு ஜூன் 23-ஐ ஒட்டிக் கறை தென்பட்டால் அதுவும் நடுமாதக் கசிவாக இருக்கலாம். 14-ஆம் நாள் என்பது எல்லோருக்கும் பொதுவான விதி அன்று என்பது இதிலிருந்து விளங்கும்.

மூன்றாவது மாணவிக்கு ஜூன் 10, 15, 21, 27 ஆகிய நாட்களில் கறை. இது நடுமாதக் கசிவாக இருக்க முடியுமா? முடியாது. முட்டை விடுபடுதல் ஒரு சுழற்சியில் ஒரே சமயத்தில் நிகழ்வது. நான்கு முறை கறை வந்தால் வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

ஒன்றைக் கவனித்தீர்களா? அடுத்த மாதவிடாய் வந்த பிறகே இந்தக் கணக்கு முடிகிறது. ஆகவே கறை கண்ட அன்றே தீர்ப்புச் சொல்ல வேண்டாம். தேதியைக் குறித்துக்கொண்டு காத்திருங்கள். ஆனால் பின்னால் சொல்லப்போகும் அபாய அறிகுறிகள் இருந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது.

உங்கள் வயதுக்கு ஓர் எச்சரிக்கை

பருவமடைந்த முதல் ஓரிரு ஆண்டுகளில் பல சுழற்சிகளில் முட்டையே விடுபடுவதில்லை. மூளைக்கும் சினைப்பைக்கும் இடையே உள்ள ஹார்மோன் தொடர்பு பக்குவப்படச் சிறிது காலம் பிடிக்கும். முட்டை விடுபடாவிட்டால் மஞ்சள் கட்டி இல்லை, புரோஜெஸ்டிரோன் இல்லை. ஈஸ்ட்ரோஜனால் மட்டும் வளர்ந்த மெத்தை, அணை போட ஆளில்லாமல், நினைத்தபோது திட்டுத் திட்டாக உதிரும். சிலருக்கு இரண்டு மாதம் ஒன்றுமே இராது. பிறகு பத்து நாள் நிற்காது.

எனவே 12, 13 வயதில் இடையே காணும் எல்லாக் கறையையும் நடுமாதக் கசிவு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இந்த வயதில் ஒரு மாதவிடாயின் முதல் நாளிலிருந்து அடுத்ததன் முதல் நாள் வரை 21 முதல் 45 நாள் இருக்கலாம். இரத்தப்போக்கு 7 நாளுக்குள் முடிய வேண்டும். முறை ஒழுங்கற்றிருப்பது இந்த வயதில் இயல்பாக இருக்கலாம்; மிகையான இரத்தப்போக்கு எந்த வயதிலும் இயல்பு அன்று.

சொட்டும் வெள்ளமும்

‘மிகை’ என்றால் எவ்வளவு? ஒரு மாதவிடாயில் வெளியேறும் இரத்தம் வழக்கமாக 30 முதல் 40 மி.லி. தேக்கரண்டியால் அளந்தால் ஆறிலிருந்து எட்டுக் கரண்டி. 80 மி.லி.யைத் தாண்டினால் அது மிகை. நடுமாதக் கசிவோ சில சொட்டுகள்தான். அதற்கு நாப்கினே தேவைப்படாது.

1 மி.லி. இரத்தத்தில் ஏறத்தாழ அரை மில்லிகிராம் இரும்பு உண்டு. 80 மி.லி. போனால் 40 மி.கிராம் இரும்பு போகிறது. அதை 30 நாளுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு 1.3 மி.கிராம். நம் குடல் ஒரு நாள் உணவிலிருந்து வழக்கமாக உறிஞ்சுவதே 1 முதல் 2 மி.கிராம் இரும்புதான்! வரவு முழுவதும் இந்த ஒரு செலவுக்கே போய்விட்டால் உடல் எப்படித் தாங்கும்? விளைவு இரத்தசோகை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது, வகுப்பில் கவனம் நிற்காதது, எப்போதும் அசதி ஆகியவற்றுக்கெல்லாம் இது காரணமாகலாம். 2019–21-ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் 59 சதவீதத்தினருக்கு இரத்தசோகை இருந்தது. உணவுக் குறைவு முதலிய வேறு காரணங்களும் இதற்கு உண்டு. ஆனால் மிகையான மாதவிடாயைச் சொல்லாமல் மறைப்பது அந்தக் குறையை மேலும் ஆழமாக்கும்.

ஒரு சிறுமி கற்பித்த பாடம்

பின்லாந்து நாட்டைச் சேர்ந்த ஆலந்துத் தீவுகளிலிருந்து 1924-ல் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியை ஹெல்சின்கி நகருக்கு அழைத்து வந்தார்கள். சிறு காயம் பட்டாலும் அவளுக்கு இரத்தம் நிற்பதில்லை. அவளுடைய சகோதரிகள் சிலர் குழந்தைப் பருவத்திலேயே இரத்தப்போக்கால் இறந்திருந்தார்கள். அவளைச் சோதித்த மருத்துவர் எரிக் ஃபான் வில்லிபிராண்ட், இது ஆண்களையே பெரிதும் தாக்கும் ஹீமோஃபீலியா அன்று, பெண்களையும் தாக்கும் வேறொரு பரம்பரை நோய் என்று கண்டு 1926-ல் எழுதினார். ஆனால் அன்று அதற்குத் தகுந்த சிகிச்சை இல்லை. அந்தச் சிறுமி 13 வயதில், தன் நான்காவது மாதவிடாயின்போது இரத்தப்போக்கு நிற்காமல் இறந்துபோனாள்.

இன்று ஃபான் வில்லிபிராண்ட் நோய் என்று அழைக்கப்படும் அது, பிறவியில் வரும் இரத்த உறைதல் குறைகளில் மிகவும் பரவலானது. பெரும்பாலானவர்களுக்கு அது மிதமாகவே இருக்கும். இரத்தப் பரிசோதனையால் கண்டறியலாம், மருந்துகளும் உண்டு. பல பெண்களுக்கு அதன் முதல் அறிகுறியே மிகையான மாதவிடாய்தான். அடிக்கடி மூக்கிலிருந்து இரத்தம் வடிதல், ஈறில் கசிவு, லேசாக இடித்தாலே கன்றிப்போதல் ஆகியவையும் சேர்ந்திருந்தால் மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

ஓரிரு நாளில் நின்றுவிடுகிற, வேறு தொல்லை இல்லாத சில சொட்டுக் கசிவுக்கு மருத்துவம் தேவையில்லை. கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் சில நாட்களுக்குள் மருத்துவரைப் பாருங்கள்:

1. இடைக்கசிவு மூன்று நாளுக்கு மேல் நீடித்தால், அல்லது ஒரே சுழற்சியில் திரும்பத் திரும்ப வந்தால்.

2. மாதவிடாய் 7 நாளுக்கு மேல் நீடித்தால். 21 நாளுக்குள் மீண்டும் வந்தால். மூன்று மாதம் வராமலே இருந்தால்.

3. பத்து ரூபாய் நாணயம் அளவிலோ அதைவிடப் பெரிதாகவோ இரத்தக் கட்டிகள் வந்தால். இரவில் எழுந்து நாப்கின் மாற்ற வேண்டியிருந்தால்.

4. துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதலோ, அரிப்போ, சிறுநீர் கழிக்கும்போது எரிச்சலோ இருந்தால்.

5. கோயில் விசேஷம், கல்யாணம் என்று மாதவிடாயைத் தள்ளிப்போட மாத்திரை விழுங்கிய பிறகு முறை குலைந்தால். இத்தகைய மாத்திரைகளை மருத்துவரைக் கேட்காமல் கடையில் வாங்கக் கூடாது.

பின்வருவன இருந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தமிழ்நாட்டில் 108-ஐ அழைக்கலாம்:

1. ஒரு மணி நேரத்துக்குள் நாப்கினோ துணியோ முழுதும் நனைந்து, அடுத்த மணி நேரத்திலும் அப்படியே தொடர்ந்தால்.

2. தலைசுற்றல், மயக்கம், நெஞ்சு படபடப்பு, முகம் வெளிறுதல் இருந்தால்.

3. அடிவயிற்றில் தாங்க முடியாத வலி இருந்தால். அல்லது வலியுடன் காய்ச்சலோ வாந்தியோ சேர்ந்தால். வலப்புற அடிவயிற்று வலி குடல்வால் அழற்சியாகவும் இருக்கலாம்.

4. கருத்தரிக்க வாய்ப்புள்ள பெண்ணுக்கு இரத்தமும் வயிற்று வலியும் ஏற்பட்டால். கரு, கருப்பைக்கு வெளியே குழாயில் தங்கியிருந்தால் அது உயிருக்கு ஆபத்து.

5. காயத்தால் இரத்தம் வந்தால். யாரேனும் தகாத முறையில் நடந்துகொண்டதால் ஏற்பட்ட காயம் என்றால் அது உங்கள் குற்றம் அன்று. நம்பிக்கைக்குரிய பெரியவரிடமோ 1098 என்ற எண்ணிலோ சொல்லுங்கள்.

மிகையான இரத்தப்போக்கின்போது வலிக்கு ஆஸ்பிரின் மாத்திரை போடாதீர்கள். அது இரத்தம் உறைவதைத் தடுக்கும்.

மருத்துவர் என்ன செய்வார்?

பல மாணவிகளைத் தடுப்பது மருத்துவரைப் பற்றிய அச்சம்தான். உண்மையில் அவர் முதலில் செய்வது கேள்வி கேட்பது: எப்போது தொடங்கியது, எத்தனை நாள், எத்தனை நாப்கின், என்ன மருந்து சாப்பிடுகிறாய்? பிறகு நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் பார்ப்பார். ஹீமோகுளோபின் பரிசோதனை செய்வார். தேவையானால் தைராய்டு, இரத்தம் உறைதல் ஆகியவற்றுக்கான பரிசோதனைகள், வயிற்றின் மேல் கருவியை வைத்து எடுக்கும் ஸ்கேன் ஆகியவை இருக்கலாம். பள்ளி வயதுப் பெண்களுக்கு உட்பரிசோதனை பெரும்பாலும் தேவைப்படாது. அம்மாவையோ அக்காவையோ உடன் வைத்துக்கொள்ளலாம். பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்கலாம். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே தொடங்கலாம்.

வீட்டில் சொல்ல வாய் வரவில்லையா? பேச்சை நீளமாகத் தொடங்க வேண்டியதில்லை. “அம்மா, மாதவிடாய் முடிந்து பத்து நாளில் மறுபடி இரத்தம் பட்டது. தேதி குறித்து வைத்திருக்கிறேன்” என்றால் போதும். அம்மாவிடம் முடியாவிட்டால் அத்தை, அக்கா, அறிவியல் ஆசிரியை, கிராம சுகாதாரச் செவிலியர் என்று எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

நாட்காட்டியில் நான்கு குறிகள்

உடல் வெப்பம், நாடித்துடிப்பு, மூச்சு, இரத்த அழுத்தம் ஆகியவை உடல்நலத்தின் அடிப்படை அளவைகள். வளரிளம் பெண்களுக்கு மாதவிடாய்ச் சுழற்சியையும் இவற்றோடு சேர்த்துக் கவனிக்க வேண்டும் என்று அமெரிக்க மகளிர் மருத்துவர் கழகம் 2015-ல் வலியுறுத்தியது. நாடியை எண்ணுவதில் வெட்கம் இல்லை என்றால் மாதவிடாயை எண்ணுவதில் மட்டும் எதற்கு?

ஒரு சிறிய நாட்காட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். மாதவிடாய் தொடங்கும் நாளுக்கு ஒரு வட்டம். தொடரும் நாட்களுக்குக் கோடு. இடையே கசிவு கண்டால் ஒரு புள்ளி. வலி இருந்தால் ஒரு பெருக்கல் குறி. நாப்கின் எண்ணிக்கையையும் பக்கத்தில் எழுதுங்கள். மூன்று மாதம் இப்படிச் செய்து பாருங்கள். புள்ளி ஒவ்வொரு முறையும் அடுத்த வட்டத்துக்கு இரண்டு வாரம் முன்னால் விழுந்து, ஓரிரு நாளில் மறைந்தால், உங்கள் சினைப்பை தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது என்று நிம்மதியாகப் படிப்பைக் கவனியுங்கள். புள்ளிகள் கண்டபடி சிதறிக் கிடந்தால், அதே தாளை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள். அவர் கேட்கப்போகும் பாதிக் கேள்விகளுக்கு விடை அதில் இருக்கும்.